ஓட்டை விழாத முகங்கள்

பேனரைக் கண்டால் பஸ்ஸைக் கோட்டைவிடும் என் அருமை மச்சானுக்கு,

அங்கே பாதையெல்லாம் தங்கத்தில் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். உங்களுக்குப் பிடித்திருக்காது. "சும்மா கெடைக்கற சாமான் இத்தன இருக்கறப்ப எதுக்குங்க இந்தச் செலவு?" என்று வாசலிலேயே கேட்டிருப்பீர்கள். என்ன பதில் சொன்னார்கள்?

இங்கே எல்லோரும் சுகம். நம் வீதிக் காலி சைட்டில் உங்கள் மேட்டுப்பாத்திகளில் கத்தரி காய்த்துத் தொங்குகிறது. பக்கத்தில் என் பாத்திகளில் வழக்கம்போல என் நம்பிக்கை மட்டும் செழிப்பாக வளர்கிறது. அக்கா தினமும் காலையில் உங்கள் பாத்திக்குத் தண்ணீர் விட வருகிறாள். நீங்கள் போனபிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வருவது அதற்கு மட்டும்தான்.

போன மழையில் அந்தப் பாத்திகளுக்கு நடுவே வழுக்கி விழுந்துவிட்டாள். பயப்படாதீர்கள், முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் ஈரோட்டிலிருந்து உங்கள் மகள் கவிதா போனிலேயே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். "தோட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அம்மாவ நான் இங்க கூட்டியாந்தர்றேன். நீங்களாச்சும் சொல்லுங்க மாமா."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஈரோட்டுக்குப் போனால் அவள் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"பாதையச் சரிபண்ணிப்போடறேன் கண்ணு. அடுத்த மழைக்குள்ள முடிச்சர்றேன்."

"நீங்களா மாமா?" என்றாள் கவிதா. என் வாழ்க்கை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இடம் நமக்குச் சொந்தமில்லை. சிமெண்ட், டைல்ஸ் என்று பேச்சே எடுக்க முடியாது. உங்கள் வழிதான் ஒரே வழி. பழைய பிளெக்ஸ் பேனரை முகம் கீழே போகக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீர் இறங்க அங்கங்கே ஓட்டை, அதன்மேல் காய்ந்த இளநீர்க் கூடு, மேலே மரத்தூள். காந்திபுரத்தில் நீங்கள் பேனர் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு நிற்க, நம் பஸ் நம்மை விட்டுவிட்டுப் போனதெல்லாம் மறக்குமா? ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியபடியே, "பேனர எப்பங்க கழட்டுவீங்க?" என்று கேட்டுவைத்தீர்கள். பெண்ணின் அம்மா இன்றுவரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உங்கள் பாதையில் ஒரு கோரை முளைத்ததில்லை. ஆனால் மழை பெய்தால் அங்கங்கே குட்டை நிற்கும். அப்படியொரு குட்டையில்தான் அக்கா விழுந்தாள். "மீன் வளக்கறீங்களா மச்சான்?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? சிரிப்பீர்களே தவிர, காரணம் சொன்னதில்லை.

பிரித்துப் பார்த்தேன். மரத்தூள் மக்கிக் கறுத்திருந்தது. கூட்டை எடுத்ததும் அடியில் ஓடிய பூரான் என்னைவிடச் சுறுசுறுப்பு. பேனர் மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. திருப்பிப் போட்டேன், ஒரு கல்யாணப் பேனர். நீங்கள் குடைக்கம்பியைச் சூடுபண்ணிப் போட்ட ஓட்டைகள் பூமாலையில் இருக்கின்றன, எழுத்தில் இருக்கின்றன, மண்டபத்தின் பேரில் இருக்கின்றன. மாப்பிள்ளை முகத்தில் ஒன்றுகூட இல்லை. பெண் முகத்திலும் இல்லை.

அடுத்ததையும் திருப்பினேன். அது யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துப் பேனர். சுற்றிலும் வட்டம் வட்டமாகத் தாய்மாமன்கள், பெரியப்பன்கள், பங்காளிகள். கம்பி வைக்க இடமேது? காதுகுத்துக்கு வைத்த பேனரில் ஒரு குத்தும் இல்லை. பெரிய குட்டை நின்றது அதன்மேல்தான்.

ஏன் மச்சான்? அடியில் மண், மேலே கூடு, அதற்கு மேலே தூள். யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பங்காளிகளில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? என் கேலியை அத்தனை வருஷம் வாங்கிக்கொண்டு, இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

சரி, வெடித்ததை மாற்ற வேண்டுமே. நானும் ஒரு மண்டபத்தில் போய் பேனர் கேட்டேன். "சாப்ட்டாச்சுன்னா கெளம்புங்க" என்றார்கள். அந்தக் கலைக்கும் முகராசி வேண்டும் போல.

திரும்பி வந்தால், அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சுருளை இழுத்தாள். விரித்துப் பார்த்தால் நீங்கள். வீதிக்காரர்கள் முக்கில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர். கவிதா கல்யாண போட்டோவில் இருந்து உங்களைத் தனியாக வெட்டியெடுத்துப் போட்டிருந்தார்களே, அதே படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டியவர்கள் உங்கள் தோளில் கிடந்த என் கையை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள்.

"ஏனுங்க்கா, இது மச்சானுங்க!"

"எனக்குத் தெரியாதாக்கும்? ஊட்ல வெச்சிருந்தா பாத்துப் பாத்து அழுகோணும். அங்க போட்டா களையாச்சும் மொளைக்காது." கொஞ்சம் தள்ளிப் போய் நின்றவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மூஞ்சி எந்த எடத்துல வருதுன்னு மட்டும் சொல்லிப்போடாத கண்ணு. தெரிஞ்சா அப்பறம் நடக்க முடியாது."

போட்டுவிட்டேன் மச்சான். குடைக்கம்பியைச் சூடுபண்ணி விரலையும் சுட்டுக்கொண்டேன். உங்கள் முகத்தில் கம்பி வைக்க எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் குட்டை நிற்கக் கூடாதே! அந்த இடத்துக்கு அடியில் மண்ணைக் கொட்டி லேசாக மேடாக்கினேன். தண்ணீர் முகத்தில் நிற்காமல் தோள் பக்கமாக வழிந்துவிடும்.

முந்தாநாள் நல்ல மழை. மழை பெய்திருந்தாலும் விடிந்ததும் அக்கா வழக்கம்போலக் குடத்தோடு நடந்தாள். குட்டை இல்லை, வழுக்கல் இல்லை. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி நின்று, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். சத்தியமாக நான் சொல்லவில்லை.

கவிதா போனில் கேட்டாள்: "வழுக்குச்சாம்மா?"

"உங்கப்பா என்னய உழுக உட்ருவாராக்கும்?" என்றாள் அக்கா. ஈரோட்டுப் பேச்சு அதோடு நின்றது. பாதை போட்டவன் பேரை யாரும் எடுக்கவில்லை. பரவாயில்லை, பழகிவிட்டது.

இந்தப் பேனரும் ஒருநாள் வெடிக்கும். அப்போதும் பிரித்து, அக்கா நடக்கிற அளவுக்குச் சரியாகப் போட்டுத் தருவேன். யார் முகம் வந்தாலும் கம்பி படாது.

தோள் பக்கம் வழிகிற தண்ணீர் கீழே இறங்க ஒரு வழி வேண்டுமல்லவா? அங்கே கிடந்தது என் கைதான். நடு உள்ளங்கையில் நானே போட்டேன், நல்ல பெரிய ஓட்டையாக.

அந்தக் கையை உங்கள் தோளிலிருந்து எடுக்காத
உங்கள் மச்சினன்