சிவப்புக் கோடாக நின்ற தங்கம்

மதினி,

ஏல இலையைக் கசக்கினால் வரும் அந்தப் பச்சை வாசனை இன்று காலை என் சமையலறை முழுக்க நிறைந்திருந்தது. கசக்கியவள் உங்கள் மகள் எஸ்தர். செடிகளுக்கு வரும் நோயை ஆராய்கிற வேலை அவளுக்கு. அவளுக்கே பேரன் பிறந்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். நம் வழக்கப்படி பிள்ளைக்குக் கொடுக்க, சூரியநெல்லியில் என் வீட்டுக்குப் பின்னால் சரம் சரமாகக் காய்க்கிற ஏலச்செடியிலிருந்து ஒரு தூரைக் கிழங்கும் வேருமாய்ப் பிரித்து ஈரச்சாக்கில் கட்டி வைத்திருந்தேன். அவள் சாக்கை அவிழ்த்து, இலையில் ஒரு துண்டு கிள்ளிக் கசக்கி, அந்தச் சாற்றில் விரல்நீளக் காகிதப் பட்டை ஒன்றை நனைத்தாள். கொஞ்ச நேரத்தில் அதில் இரண்டு சிவப்புக் கோடுகள் எழுந்தன.

"ஒரு கோடுன்னா நல்ல செடி, அத்தே. ரெண்டுன்னா கட்டே நோய்."

கட்டே வந்தால் ஏல இலை கோடுகோடாய் வெளுக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெளிர்க்கீற்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரிய இன்னும் மாதக்கணக்காகும் என்றாள். அந்தச் சிவப்பு என்ன சாயம் என்று கேட்டேன்.

"சாயமில்ல, தங்கம். கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கினா தங்கம் செவப்பாயிரும்."

"என் கழுத்துல கெடக்கது அம்பது வருசமா மஞ்சளாத்தானட்டி இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். நான் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

எழுபதுகளில் எஸ்தரின் ஞானஸ்நானத்துக்கும் நான் இப்படித்தான் ஒரு தூர் கொண்டுவந்தேன். உங்கள் ஊர் வண்டன்மேடு வரைக்கும் ஜீப்பில் மடியை விட்டு இறக்கவில்லை. "எம்புள்ளையக்கூட யாரும் இம்புட்டுப் பத்திரமா தூக்கல" என்று கேலி செய்துகொண்டே வாங்கினீர்கள். அண்ணன் அதைத் தோட்டத்து நடுவில் வைத்தார். அது கிளைத்ததும், கேட்ட நாலு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தீர்கள். இல்லை என்று சொல்லவே தெரியாத ஆள் நீங்கள்.

அடுத்தடுத்த வருடங்களில் நாலு வீட்டுத் தோட்டத்திலும் இலைகள் கோடுகோடாய் வெளுத்தன. விவசாய ஆபீசர் வந்து, நோய் கிழங்கோடு வந்திருக்கிறது, எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்றார். முதல் தூர் எங்கிருந்து வந்தது என்று நாலு வீட்டுக்காரர்களும் முற்றத்தில் நின்று கேட்டார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். வாயைத் திறக்கப் போனேன்; நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாந்தான் ஓடைக்கரையில கெடந்தத எடுத்து வச்சேன். புத்தியில்லாமச் செஞ்சுட்டேன்."

பிறகு மண்வெட்டியோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நீங்களே பிடுங்கிப் போட்டீர்கள். அதற்கப்புறம் உங்கள் கையால் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட யாரும் வாங்கவில்லை. அடுப்படியில் நான் அழுதபோது, "நீ வந்து போறவ, தல குனியக் கூடாது. நான் இங்கேயே கெடக்கறவ, தாங்கிக்கிடுவேன்" என்றீர்கள். நான் கோழை, மதினி. சரி என்று கேட்டுக்கொண்டேன்.

எஸ்தர் இன்று என்னென்னவோ சொன்னாள். குருத்து நுனியில் கடுகளவு வெட்டி, மண்ணே இல்லாமல் கண்ணாடிக் குப்பிக்குள் ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கிறார்களாம். இனி நோயே அண்டாதபடி செடியின் உள்ளமைப்பையே மாற்றிவிடலாமாம். மனுசருக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும், பின்னால் வரப்போகிற வியாதியை இன்றைக்கே சொல்லிவிடலாமாம். வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்போ பொண்ணு பாக்க வாரவங்க காப்பிக்கு முன்னாடி ரத்தத்தக் கேப்பாங்களோ?"

"கேட்டாலும் கேப்பாங்க" என்றாள், சிரிக்காமல்.

தூரை எரித்துவிட்டு வந்து கை கழுவும்போது அவள் சொன்னாள்: "அப்பவே இந்தப் பட்டை இருந்திருந்தா, அம்மா அந்த ஓடைக்கரைச் செடியத் தொட்டிருக்கவே மாட்டா."

நீங்கள் அவளிடம்கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஓடைக்கரை இல்லட்டி. நான் கொண்டாந்தது. உன் ஞானஸ்நானத்துக்கு."

ஈரக் கையைத் துடைக்காமலே என் பக்கம் திரும்பினாள். "அம்மா சாகுற வரைக்கும் சொல்லலியே, அத்தே" என்றாள்.

கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் தேடிப் பிடிக்கிறவள் உங்கள் மகள். அவளுக்கும் பிடிபடாமல் இதை ஒரு ஆயுசு முழுக்க உங்களுக்குள் வைத்திருந்திருக்கிறீர்கள். எதைப் பெரிய அதிசயம் என்று சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை வண்டன்மேட்டுக் கோவிலுக்கு வெறுங்கையோடுதான் போகிறேன். அந்த நாலு வீட்டிலும் மிச்சமிருப்பவர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று சொல்லப் போகிறேன். இந்த முறை எனக்கு முந்திக்கொண்டு பேச நீங்கள் இல்லை, மதினி.