ஆறுமணிக்குருவி யார் கணக்கில்

குழந்தைக்குக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். புறக்கடையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சின்னதாக ஒரு சீட்டிச் சத்தம். கை நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மணி ஆறு. உடனே உன்மேல் எரிச்சல் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

கல்லூரியில் விலங்கியல் படித்த நாளிலிருந்து நமக்குள் இதே போட்டி: யார் அதிக வகைப் பறவையை முதலில் பார்ப்பது. ஞாயிறு விடிந்தால் உன் டி.வி.எஸ். வண்டியில் சிங்காநல்லூர் குளத்துக்கரை. யாரும் பொய் சொல்லக்கூடாது என்று நீதான் விதி வைத்தாய். ஒருத்தி கண்டுபிடித்ததை மற்றவளும் பார்த்தால்தான் கணக்கு. அதனால் நீ ஜெயித்த ஒவ்வொரு முறையும் நானே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. என் கழுத்தில் அப்பா வாங்கித் தந்த பைனாகுலர், உனக்கு வெறுங்கண். நான் அதைத் திருகிக்கொண்டிருக்கும்போதே, "நாணலுக்கு இந்தப் பக்கம் பாரு அம்மணி, கொக்குக்குப் பின்னால" என்பாய். பிறகு, "உங்க பைனாகுலருக்கு ஒரு கண்ணாடி போடோணுமுங்க" என்று மரியாதை வேறு.

நம் இருவருக்கும் அகப்படாமலே இருந்தது ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு மட்டும் இந்தப் பக்கம் வந்து, புதருக்குள்ளேயே ஒளிந்து, காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் குரல் கொடுக்கும். அதையாவது நான் முதலில் பார்க்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை.

பிரசவமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ வந்தாய். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "வடவள்ளித் தோட்டத்துல, வாழைச் சருகுக்குள்ள தத்தித் தத்திப் போவுது" என்று ஆரம்பித்தாய். முதுகு பச்சை, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறம் சொன்னாய். தையல் போட்ட இடத்தைவிட அது வலித்தது.

"கணக்குல சேராதுங்க, நீ பாக்கலையே. ஆனா நான் பாத்துப்போட்டேன்."

"பேசாம எந்திரிச்சுப் போயிரு."

சிரித்தாய். "அடுத்த வருசமும் வரும். உன்னைய இழுத்துட்டுப் போயிக் காட்டறேன்."

அந்தக் குளிர்காலம் வருவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்துதான் ஒரு முறை கொதித்த தண்ணீரை நான் மறுபடியும் அடுப்பில் வைக்கிறேன். குழந்தை தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இன்று குழந்தையை இடுப்பில் வைத்து, பனி படாமல் அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு புறக்கடைக்கு ஓடினேன். பைனாகுலரில் கல் தெரிந்தது, செம்பருத்தி தெரிந்தது, சருகு தெரிந்தது. குருவியைக் காணோம். இவள் துண்டைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"அதா."

தூரத்தில் இல்லை. எங்கள் பக்கத்திலேயே, துவைத்த தண்ணீர் ஓடும் இடத்துச் சேம்பு இலைக்கு அடியில் நின்றது. பச்சை, நீலம், சிவப்பு. நீ சொன்ன வரிசையிலேயே.

இரண்டு பேர் பார்த்தாயிற்று. உன் விதிப்படி கணக்கில் சேரும். நீ தனியாகப் பார்த்தது சேராது, அதில் நான் உன்னை முந்திவிட்டேன். ஆனால் வெறுங்கண்ணால் முதலில் கண்டுபிடித்தவள் இந்தத் தடவையும் நான் இல்லை. மடியில் வைத்து அவளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாயோ. குளத்துக்கரையில் உன்மேல் வந்த அதே எரிச்சல், சூடு குறையாமல் அவள்மேல் ஏறியது. அதோடுதான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் தலையில் மறுபடி துண்டைச் சுற்ற மறந்துபோனேன்.