நான்கு சைடு பார்த்தவள்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், அவருடைய இருமல் அவரைவிட நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். மாடி அறையில் ஒழுகிக்கொண்டிருந்த மூலையைக் கொத்தனார் ஒருவழியாக வந்து அடைத்துவிட்டார், இனி மழைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, உன் தம்பி அந்த அறையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் முட்டி வலி குறைந்திருக்கிறது. போனில் பேசலாமே என்பாய், போனில் நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய ஆராய்ச்சிப் பக்கங்களைத் தம்பி உட்கார்ந்து தமிழில் சொன்னான். சில நாடுகள் எப்படிப் பணக்கார நாடுகள் ஆயின, மற்றவை ஏன் பின்தங்கின என்று இருநூறு வருஷக் கதையை நீ எழுதியிருப்பதைக் கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது, நடுவில் கொட்டாவியும் வந்தது, மறைப்பானேன். ஆனால் நான் வேலை பார்த்த நூல் மில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரே கம்பெனி மெஷின், முன்னும் பின்னும் இழை ஓடுகிற இரண்டு சைடு, அந்தப் பணக்கார நாட்டில் ஒருத்தி மூன்று மெஷின், ஆறு சைடு பார்த்தாள், இங்கே ஒருத்திக்கு ஒரு மெஷின், இரண்டே சைடு. மேஸ்திரியின் நோட்டில் ‘இடத்தில் இல்லை’ என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, இங்கே ஆட்கள் சோம்பேறிகள் என்று உன் பேராசிரியர் சொல்கிறார். அம்மாவைப் பற்றி இப்படி எழுதக் கை வரவில்லை, இந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன் என்கிறாய். எடுத்தால் மூன்று வருஷ உழைப்பு நொண்டியாகிவிடும் என்றும் நீயே சொல்கிறாய்.

எடுக்காதே. அந்த நோட்டு பொய் சொல்லவில்லை. பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஏழெட்டுக் குழந்தைகள் கிடக்கும், அதில் ஒன்று நீ. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் உனக்குப் பால் கொடுக்கப் போவேன், நீ குடிக்கிற வேகத்துக்கு அரை மணி ஆகும், அப்போதே உனக்கு எதிலும் அவசரம் கிடையாது. அந்த அரை மணியும் என் இரண்டு சைடையும் சேர்த்து நான்காகப் பார்த்தவள் அடுத்த மெஷின்காரி, நம் வாயாடி அக்கா. பஞ்சு மட்டம், இழை அறுந்துகொண்டே இருக்கும், ஒட்டி ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவாள். போடி, புள்ள கத்துது, நான் பாத்துக்கறேன் என்று என்னை விரட்டுவாள். அவள் பிள்ளைக்கு நேரம் வந்தால் அவள் சைடையும் சேர்த்து நான் ஓடுவேன். போனவளை எழுத மேஸ்திரிக்கு நோட்டு இருந்தது, ஓடினவளைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

அதற்காக எங்களை உத்தமிகள் ஆக்கிவிடாதே. ஆறு சைடு பார்க்கச் சொன்னபோது மாட்டோம் என்று நின்றதும் நாங்கள்தான். ஒத்துக்கொண்டால் மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டும், யாரைப் போகச் சொல்வது? பால் கொடுத்துவிட்டு வரும் வழியில் குழாயடியில் நின்று கதையளந்ததும் உண்டு. அதையும் எழுது.

நேற்று வாயாடி அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாடு பின்தங்கினதுக்கு நாம ரெண்டு பேரா காரணம் என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த ஊர் பொம்பளைங்களும் புள்ள பெத்தவங்கதானே, ஆறு சைடு பாத்தவளோட புள்ளைய யாரு பாத்தாங்கன்னு உன் பொண்ணு எழுதியிருக்காளா என்றாள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன், எல்லாப் பக்கத்தையும் புரட்டினான், அப்படி ஒரு வரி இல்லை. பேராசிரியரிடம் அதைக் கேள், அவருக்கும் தெரியாவிட்டால் நீயே தேடு, அத்தியாயம் தன் காலில் நிற்கும்.

தலை நிமிர்ந்து நன்றாக இரு, கண்ணு. கண்ணாடியை மாற்ற மறக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உனக்குப் பால் கொடுத்த அரை மணிக்காக நான் எந்த நாட்டிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, என் சார்பில் நீயும் கேட்டுவிடாதே.

ஆசிகளுடன்,
அம்மா