அவரைக் கொடிக்கு வந்த பொறிவண்டு

தம்பி,

இன்று காலை டிரம்மின் மூடியைத் திறந்தேன். சாணமும் கோமியமும் வெல்லமும் கடலைமாவும் சேர்ந்து புளித்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. இந்த வாடைக்காக உன்னை எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன். இப்போது பயிருக்கு ஊற்ற நானே கம்பை விட்டுக் கலக்கிக்கொண்டு நிற்கிறேன்.

மான்குர்த் தண்டவாள ஓரத்தில் அந்தத் துண்டு நிலத்தை நீ குத்தகைக்கு எடுத்தபோது தாராவியில் நம் தெருவே சிரித்தது. யூரியா போட மாட்டேன், சாக்கடைத் தண்ணீர் பாய்ச்ச மாட்டேன் என்று வேறு சொன்னாய். எருமைச் சாணம் வேண்டிய மட்டும் கிடைக்கிற ஊரில் உனக்கு நாட்டு மாட்டுச் சாணம்தான் வேண்டும். செம்பூரில் கோயில் வாசலில் பசுவைக் கட்டி வைத்துப் புல் விற்கிற மராட்டிக்கார அம்மாவிடம் போய் நின்றாய். பசுவின் முன்னால் கும்பிட்டு நிற்பவர்களையே பார்த்துப் பழகியவள், பின்னால் வாளியோடு நின்ற உன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாளாம். கோமியக் கேனோடு நீ ஏறினால் கூட்டம் தானாக விலகும். சாயங்கால லோக்கல் ரயிலில் தினமும் உட்கார இடம் கிடைத்த ஒரே ஆள் நீதான்.

கிறுக்கன் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மண் பொலபொலவென்று ஆனது, மண்புழு வந்தது. உன் வெந்தயக்கீரைக்காக மாட்டுங்கா மாமிகள் என் கூடையைத் தேடி வந்தார்கள். இலையில் எந்தப் பூச்சி விழுந்தாலும், "பொறுக்கா, தானாச் சரியாவும்" என்பாய். ஒவ்வொரு தடவையும் சரியாகவும் ஆனது. அதில்தான் நான் ஏமாந்தேன்.

அந்த மார்கழியில் அவரைக் கொடி முழுக்கக் கறுப்பாக அசுவினிப் பேன் அப்பிக் கிடந்தது. பொங்கல் நேரத்தில் தாராவியில் அவரைக்காய்க்கு எவ்வளவு கிராக்கி என்று உனக்கே தெரியும். பூச்சி மருந்து வாங்கி வரட்டுமா என்று குதித்தேன்.

"பேன் இருந்தாத்தானக்கா அதத் திங்க வண்டு வரும். மருந்தடிச்சா ரெண்டும் செத்துரும். கொஞ்ச நாள் பொறு."

சொல்லிக்கொண்டே நெஞ்சைத் தடவினாய். காலைக் குளிரில் உனக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னல செய்யுது?"

"கேஸ்தான்க்கா. நேத்து ராத்திரி தின்ன வடாபாவ்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

"பொறுக்கா. தானாச் சரியாவும்."

மறுநாள் நீ எழுந்திருக்கவில்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை தம்பி. மண்ணுக்குச் சொல்கிற வார்த்தையை உடம்புக்கும் சொல்லலாமா? பூச்சி விஷயத்தில் உன்னோடு அத்தனை சண்டை போட்டவள், அன்றைக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்காத நாளில்லை. நான் மூத்தவள். இழுத்துக்கொண்டு போயிருந்தால் நீ வந்திருப்பாய்.

காரியமெல்லாம் முடிந்ததும் கொடியைப் பிடுங்கிப் போட்டு நிலத்தை ஒப்படைத்துவிடலாம் என்று மான்குர்த் போனேன். பேனைக் காணோம். இலைக்கு இலை சிவப்புப் பொறிவண்டு. நுனி வரைக்கும் காய். நீ சொன்னபடியே எல்லாம் நடந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். பிடுங்க மனம் வரவில்லை. நிலத்தையும் விடவில்லை.

இப்போதும் பேன் விழுந்தால் உன்னைப்போலவே பொறுத்திருக்கிறேன். அந்தப் பொறுமையெல்லாம் வயலோடு சரி. போன வாரம் உன் மகள் நெஞ்சைத் தடவினாள். செருப்பைக்கூடத் தேடாமல் அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

"கேஸ்தான் அத்தே, ஏன் இப்படிப் பண்ணுத?" என்று வழியெல்லாம் சலித்துக்கொண்டாள்.

பார்த்துவிட்டு டாக்டரும் கேஸ்தான் என்றார். அவள் சிரித்தாள். எனக்குத்தான் அந்த இடத்தை விட்டு எழுந்து வர வெகுநேரம் ஆனது.