ஆத்தாவின் மஞ்சள் கண்

சிவமயம்
தெப்ராவ்

மகள் நர்மதா ஆச்சிக்கு அப்பச்சி எழுதுவது. பெர்த்தில் நீயும் அர்ஜுன் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகன் துணை. நான் நலம். அடுத்து உன்னைப் பெற்ற ஆத்தாவும் நலம் என்று எழுதுவது வழக்கம், இந்த முறை கை வரவில்லை. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அதனால் அங்கே வரும் ரூபேந்திரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன மாதம் ஆத்தாவுக்குக் கண் மஞ்சளானது. காமாலைதான் என்று அவளே முடிவுகட்டிக் கொல்லையில் கிடந்த கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்தாள், நானும் சரி என்றேன். படியேற மூச்சு வாங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ஈரல் நன்றாக இருக்கிறது, இரத்தம்தான் உடைகிறது, மஞ்சள் அதில் வருகிறது என்றார் டாக்டர். முன்பு மருந்து ஏற்றி அடக்கிய நிணநீர்ப் புற்று திரும்பியிருக்கிறதாம், அது உடம்பின் காவலைக் குழப்பிச் சொந்த இரத்தத்தின் மேலேயே ஏவிவிட்டதாம். கிடங்குக்குக் காவல் வைத்த ஜாகாவே மூட்டையைக் கிழித்த கதை. வெளி இரத்தம் ஏற்றினாலும் அதையும் விடாதாம், பொருந்துகிற பை கிடைப்பதே கஷ்டமாம். ஊருக்கெல்லாம் இல்லாத சரக்கைத் தேடிக் கொடுத்தவன் நான், அங்கே உட்கார்ந்து காரை எங்கே நிறுத்தினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, இன்றும் வரவில்லை. கடைக்குப் போகிறேன், வெங்காயம் இறக்குகிறேன், வருகிறேன்.

ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்சம் பிடித்துவைத்திருக்கிறது, சர்க்கரைதான் ஏறுகிறது. புற்றுக்கு மருந்து ஏற்றாமல் இது நிற்காது என்கிறார் டாக்டர், ஆத்தா மாட்டேன் என்கிறாள். அவர் சொன்னதை எல்லாம் அவளும் கேட்டாள். வீட்டுக்கு வந்து, காமாலைக்குப் போய் யாராவது கீமோ போடுவாங்களா, நீங்க வேற லா என்று சிரிக்கிறாள். காமாலை என்றால் இறங்கிவிடும், அதனால் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒரு தொட்டியில் கீழாநெல்லியைப் பெயர்த்து நட்டிருக்கிறாள். டாக்டர் கூடாது என்றதால் அரைப்பதில்லை, தண்ணீர் மட்டும் ஊற்றுகிறாள்.

உன் பேச்சைத்தான் கேட்பாள். லீவு கிடைக்குமா என்று பார்க்காதே, எடுத்துக்கொண்டு வா. சளி இருந்தால் மட்டும் ஆறிய பிறகு வா, அவளுக்குத் தொற்று ஆகாது. வந்ததும் புற்று என்று ஆரம்பிக்காதே. இந்தக் காமாலைக்கு ஊசிதான் வைத்தியம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. மூட்டையின் மேல் என்ன எழுதியிருந்தால் என்ன, சரக்குப் போய்ச் சேரவேண்டும்.

முருகன் காப்பான். என் ஆசி, ஆத்தாவின் ஆசியும், அவளைக் கேட்காமலே எழுதுகிறேன். இதை அங்கேயே கிழித்துப் போட்டுவிடு. நீ வந்தால் உன் பெட்டியைப் பிரிப்பது அவள்தான்.

உன் அப்பச்சி
கண்ணப்பன்