எட்டாம் வகுப்பின் வலைப்பூ

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ எங்களை விட்டுப் போன பிறகு நம் வீட்டில் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கதை சொல்ல ஆள் இல்லை. அதனால் இன்று நான் சொல்கிறேன், நீ கேள்.

என் எட்டாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கியிருக்கிறேன். சிரிக்காதே, இணையத்தில் நாமே எழுதி, படமும் குரலும் சேர்த்துப் போடும் பக்கம்தான் அது. தமிழ்க் கட்டுரை என்றாலே வேப்பெண்ணெய் குடித்த முகம் காட்டிய பிள்ளைகள், இப்போது கம்ப்யூட்டர் அறைக்கு எனக்கு முன்னால் ஓடுகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி வள்ளி. அவள் அம்மா தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். வள்ளி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். கட்டுரைத் தாளில் மட்டும் பெயரோடு நின்றுவிடுவாள். எழுத வேண்டாம், சொல்லு என்று உன் செல்போனை நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "முன்னுரை" என்றாள். பரீட்சைக் கட்டுரையின் உள்தலைப்பைக்கூட விடாமல் சொல்கிறாளாம்! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. "எங்கம்மா ஏலத்துல கத்தமாட்டாங்க டீச்சர். கண்ண மட்டும் சிமிட்டுவாங்க. மீனு எங்க கூடைக்கு வந்துடும்."

துறைமுகப் படங்களோடு அதை ஏற்றினோம். அன்று உன் குரல் அந்தப் போனில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். தெருக்காரர் எல்லோரையும் பதிவு செய்திருக்கிறாய், உன்னைத் தவிர. அழுதேன்டா.

தலைமையாசிரியைக்கு வலைப்பூ பிடிக்கவில்லை. "பரீட்சைல மைக்கா குடுப்பாங்க? அரையாண்டுல இந்தப் பொண்ணு கட்டுரை எழுதலன்னா, ரூம் சாவிய என்கிட்ட குடுத்துடுங்க" என்றார். நியாயமான கேள்விதான். பேசுகிறவள் எழுதுவாளா? எனக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே பிரான்சிலிருந்து ஒரு பின்னூட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஊர்க்காரர். 'எல்லோரும்தான் கண் சிமிட்டுகிறார்கள். எது ஏலம், எது சும்மா என்று எப்படித் தெரியும்?' என்று கேட்டிருந்தார். வள்ளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுகூடவா தெரியாது அவருக்கு?" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. மறுநாள், மிச்சத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். கேட்க ஆள் இருந்தால் எழுத்து தானாக வந்துவிடுமா, சேகர்? இல்லை, கொஞ்சம் கோபமும் வேண்டுமா?

அரையாண்டுத் தேர்வில், 'நான் அறிந்த இடம்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். வள்ளி கூடுதல் தாள் வாங்கி எழுதினாள். அதைத் தலைமையாசிரியை நின்றபடியே படிக்க ஆரம்பித்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். சாவியை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.

"ஏம்மா, ஒருநாளு அவங்கம்மா கண்ணுல தூசி வுழுந்துட்டா என்னா பண்ணுவாங்க? அதையும் எழுதச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரம் கதை சொல்ல என் முறையாம், பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். தட்டாஞ்சாவடியில் நீ வேலை பார்த்த பட்டறைக்குள் சாரைப்பாம்பு புகுந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். பாதியிலேயே மறித்து, "சேகருன்னா யாரு டீச்சர்?" என்று கேட்பார்கள். சொல்வேன்டா. எனக்குத் தெரியாததை உன் பட்டறை நண்பர்களிடம் போய்க் கேட்டாவது, பிள்ளைகள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

என்றும் உன் அக்கா,
மங்கை