வாய்க்கால் பங்கு

வால்திரேஸ், ஸ்பெயின்
12.08.2024

அன்புள்ள விமலா அக்காவுக்கு,

தம்பி பிரதீபன் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தையும் முக்கியமாக உங்கள் இடுப்பின் சுகத்தையும் அறிய ஆவல்.

ஒரு கிழமையாகப் போனில் பிடிக்க முடியவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள். இங்கே சிக்னலே இல்லை. பாரிசில் நான் வேலை செய்யும் ரெஸ்டோரண்ட் ஆகஸ்டில் பூட்டு. முதலாளி மனேல் தன் தாயின் ஊருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். ஒருகாலத்தில் அறுபது வீடாம். தொண்ணூறு வருடத்துக்கு முந்திய சண்டையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்களாம். பிறகு பஞ்சம், பனி. சனம் பட்டணத்துக்கும் பிரான்சுக்கும் இறங்கிப் போய்விட்டது. மாரி காலத்தில் இப்போது ஒன்பது பேர்தான். பள்ளிக்கூடத்துக்குள் ஆடு கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வாய்க்கால் இருக்கிறது அக்கா! அரபு அரசர் காலத்தில் மலையைச் செதுக்கி வெட்டியதாம். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு. ஆகஸ்டில் கோயில் மணி அடித்ததும், எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு போய் அவரவர் பங்கைத் துப்புரவாக்க வேண்டும். மனேலுக்கு முழங்கால் வருத்தம். அவருடைய பங்கில் நான் இறங்கினேன். கை முழுக்கக் கொப்புளம். தண்ணீர் வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முந்தி வசந்த காலத்தில்தான் செய்வார்களாம். வெளியூர்க்காரருக்கு வசதியாக ஆகஸ்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊர் முரசுமோட்டையிலும் துப்புரவை இப்படி மாற்றலாமே? கமக்காரர் சங்கத்தில் சொல்லிப் பாருங்கள்.

இடுப்புக்குப் பூச நல்ல மருந்து அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி,
பிரதீபன்


முரசுமோட்டை
30.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னுடைய பொறுமையைத் தவிர.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் கோபம் வந்தது. மூன்றாம் தரம் கோபம் கூடியது. போனில் பேசினால் நீ “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் நானும் பேனையை எடுத்தேன்.

ஏனடா, உனக்கு இங்கே ஒரு வாய்க்கால் இருப்பது மறந்தே போச்சா? அப்பா வயலை இரண்டாகப் பிரித்தபோது வாய்க்காலையும் இரண்டாகத்தான் பிரித்தார். மருதமரத்திலிருந்து மதகு வரை உன் பங்கு. நீ போன பிறகு அதில் யார் இறங்குகிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டாயா? உன் முதலாளிக்கு முழங்கால் வருத்தமென்று பாய்ந்து இறங்கியிருக்கிறாய். உன் அக்காவுக்கு இடுப்பு வருத்தம். அவளுக்கு மருந்துப் போத்தல்!

ஆகஸ்டுக்கு மாற்றச் சொல்கிறாய். ஆகஸ்டில் சிறுபோக நெல் வெட்டும் காலம். அதையும் பிரான்சுக்காரரின் லீவுக்கு ஏற்றபடி விளையச் சொல்லட்டுமா? நீ எழுதியதைச் சங்கச் செயலாளர் சிவராசா அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். “தம்பிக்குக் குளிர் தலைக்கு ஏறிட்டுது போல” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

உன் வயலைக் குத்தகைக்குச் செய்யும் அழகம்மா அக்காவும் என்னோடு உன் பங்கில் இறங்குகிறா. அது குத்தகைக்காரரின் வேலை இல்லை. காணிக்காரன்தான் செய்ய வேண்டும், காணிக்காரனின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அவா சேறு பூசி நிற்க, கூட்டத்தில் உன் பெயருக்குத்தான் வாய் இருக்கிறது. உன் வயல் கடைசி வயல், போன முறை தண்ணீர் எட்டவில்லை. அவா அதைச் சொல்ல எழும்பினா. “நீங்கள் பேர்காரர் இல்லையே” என்று இருத்திவிட்டார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை துப்புரவு. இந்த வருடம் கட்டாயம் வருவேன் என்று சித்திரையில் சொன்னாய். போன வருடமும் சொன்னாய். நீ வந்து ஒருநாள் உன் பங்கில் நின்றால் போதும், தம்பி. வெட்டக்கூட வேண்டாம், நின்றால் போதும். எனக்கு உன்னைப் பார்க்கவும் ஆசையாக இருக்கிறது. அதை எழுதவேண்டி வந்ததே என்று அதற்கும் கோபம் வருகிறது.

டிக்கெட் போட்டாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

உன் அக்கா,
விமலேஸ்வரி


பாரிஸ்
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரயிலில் வாசித்தேன், பக்கத்தில் இருந்தவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இங்கே எங்கள் நிலைமையும் உங்களுக்கு விளங்காது. செப்டம்பரில் லீவு கேட்டால் மனேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவர்களின் தாய் பிரேமிளாவுக்கு அங்கே வந்தால் நுளம்புக்கடி ஒத்துவராது. இதையெல்லாம் சாட்டு என்று நினைக்காதீர்கள்.

கோபிக்காதீர்கள், இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனேலின் ஊரிலிருந்து நாங்கள் வெளிக்கிடும் நாளில் ஊர்க்காரர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் இல்லாமல் போன ஒரு வீட்டின் பங்கு ஆளில்லாமல் கிடந்ததாம். அதை எனக்குத் தந்துவிட்டார்கள்! சுவரில் இருக்கும் கரும்பலகையில் என் பெயரையும் எழுதினார்கள். வாதுமை மரத்திலிருந்து கல்லுப்பாலம் வரை. வருகிற ஆகஸ்டில் மணி அடித்ததும் என் பெயரையும் கூப்பிடுவார்கள். வருவேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க முடியாதுதானே?

அதனால் அடுத்த வருட லீவையும் ஆகஸ்டுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த முறையும் அழகம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு எப்படியாவது சமாளியுங்கள். அதற்கடுத்த வருடம் நிச்சயம்.

மருந்து நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.

தம்பி,
பிரதீபன்


முரசுமோட்டை
30.09.2024

தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை துப்புரவு முடிந்தது.

வழக்கம்போலச் சிவராசா அண்ணை வாய்க்கால் கரையில் ஏறி நின்று பெயர்களைக் கூப்பிட்டார். பெயர் கேட்டவர்கள் “ஓம், நிக்கிறன்” என்று சொல்லி இறங்கினார்கள். என் பெயருக்கு நான் சொன்னேன். அடுத்தது “ராஜரத்தினம் பிரதீபன்.”

இத்தனை வருடமும் அந்தப் பெயருக்கும் நான்தான் “ஓம்” சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வரும்வரை உன் இடம் போய்விடக் கூடாது என்று சொன்னேன். சனம் நக்கலடித்தபோதும் சொன்னேன். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, வாய்க்கால் எங்கே காடு எங்கே என்று தெரியாமல் நின்ற முதல் வருடமும் சொன்னேன். நேற்று எனக்கு வாய் வரவில்லை. உன் மேல் உள்ள கோபத்தில் இல்லை, தம்பி. சொல்லிவிட்டுப் போகாமல் இருக்க முடியாது என்று நீயே எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகு உனக்காகப் பொய் சொல்ல முடியவில்லை.

அவர் இரண்டாம் தரமும் கூப்பிட்டார். அழகம்மா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன். “அந்தப் பங்குக்கு நான் நிக்கிறன்” என்று சொல்லிச் சேலையைச் செருகிக்கொண்டு அவா இறங்கினா. மத்தியானத்துக்குள் மதகு வரை வெட்டி முடித்துவிட்டா.

பின்னேரம் கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னேன், இனி அந்தப் பங்குக்கு அழகம்மா என்று கூப்பிடுங்கள் என்று. சங்கம் ஒத்துக்கொண்டது. அவா உடனே எழும்பி, கடைசி வயலுக்கு முதல் தண்ணீர் வேண்டும் என்று கேட்டா. அதுவும் கிடைத்தது. காணி உறுதி உன் பெயரில்தான் இருக்கிறது, அதை ஒருவரும் தொடவில்லை. குத்தகையும் முந்தியபடி வரும்.

அந்த ஊரில் உன் பெயரைக் கூப்பிடும்போது நீ போய் நில். அங்கே உனக்காக “ஓம்” சொல்ல ஒருவரும் இல்லை.

மருந்து இன்னும் போடவில்லை என்றால் போட வேண்டாம். என் பங்கை மட்டும் வெட்ட இந்த இடுப்புப் போதும்.

விமலேஸ்வரி